பூசணத்தைக் கிள்ளிப் போட்டால் போதுமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் டீயோடு கொடுக்க வைத்திருந்த ரொட்டியில் ஓரமாகப் பச்சைப் பூசணம். ஒரு அக்கா அதைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "இப்ப நல்லாத்தான் இருக்கு, குடுங்க" என்றார்கள். நாங்களும் சின்ன வயதில் அப்படித் தின்றவர்கள்தான். ஆனால் ரொட்டி பஞ்சு மாதிரி. பூசணத்தின் நூல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். பாக்கெட்டோடு போட்டுவிட வேண்டியதுதான். கொஞ்சக் காசோடு போகும்.

மல்லாட்டை மூட்டை அப்படி இல்லை. கடலை உருண்டை போட ஒரு குழு சுழல்நிதியில் வாங்கி வைத்த இரண்டு மூட்டை, ஓட்டு ஒழுகலில் நனைந்துவிட்டது. பிரித்தால் மக்கு வாடை, மஞ்சளும் பச்சையுமாய்ப் பூசணம். நாங்கள் போனபோது எல்லாரும் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"பொறுக்கிட்டு வறுத்தா சரியாயிடும்" என்றார்கள். பொறுக்கினால் விஷம் குறையும், உண்மைதான். ஆனால் நனைந்த மூட்டையில் நல்லதாகத் தெரிகிற பயிறிலும் அது இருக்கும். அஃப்ளாடாக்சின் என்பார்கள். வறுத்தால் பூசணம் சாகும், அது விட்ட விஷம் முழுசாய்ப் போகாது. ஒரு நாளில் வயிற்று வலி வந்து காட்டிக்கொடுக்கிற விஷமும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாய் ஈரலைக் கெடுக்கும், ஈரலில் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பகுதிப் பழங்குடி கிராமங்களில் மழையில் கெட்ட மக்காச்சோளத்தைத் தின்று, காமாலை கண்டு, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வேறு தானியம் வாங்க வழியில்லாத ஏழைகள்.

"செக்குல ஆட்டிடலாமே?" எண்ணெயிலும் கொஞ்சம் இறங்கும், மீதி புண்ணாக்கில் நிற்கும். "அப்ப மாட்டுக்கு?" இதைத்தான் எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்ததற்குக் காரணமே தீவனத்தில் சேர்த்த மல்லாட்டைப் புண்ணாக்குதான். மாடு தின்றால் பாலிலும் வரும். அந்தப் பாலை யார் வீட்டுப் பிள்ளை குடிக்கும்?

கடைசியில் குழி வெட்டிப் புதைத்தார்கள். குப்பைமேட்டில் கொட்டினால் கோழி கொத்தும் என்று அவர்களே சொன்னார்கள்.

இனி வாங்குகிறவர்கள் காயைக் குலுக்கிப் பாருங்கள், கலகலவென்று சத்தம் வரணும். உடைக்கும்போது பயிறு நொறுங்காமலிருக்கத் தண்ணீர் தெளிக்கிறோமே, அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினாலே பூசணத்துக்குப் போதும். தெளித்தால் மறுபடி வெயிலில் காயப்போட்டுத்தான் கட்டணும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். ஒழுகுகிற ஓட்டை மழைக்கு முன்னாடியே மாற்றுங்கள்.

அந்தக் குழுவுக்கு இந்த மாதத் தவணை கட்டப் பணமில்லை. ஊக்குநர் அக்கா அழுதுவிட்டார்கள். கெட்டதை விற்றிருந்தால் தவணை கட்டியிருப்பார்கள், நமக்கும் தெரிந்திருக்காது. தவணையைத் தள்ளி வைப்பதா, நட்டத்தில் கூட்டமைப்பு பங்கெடுப்பதா என்று இன்றைக்கே பேசி முடிவு செய்யணும். தீர்மான நோட்டை எடுங்கக்கா.