தேள் தேடிய பேராசிரியர்



ஊரில் விறகுக் கட்டையைத் தட்டிப் பார்க்காமல் அடுப்படிக்குள் கொண்டுபோனால் அம்மாவிடம் ஏச்சு நிச்சயம். உள்ளே தேள் இருக்குமாம். கண்டால் செருப்பால் அடிப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆராய்ச்சி. இங்கே சிட்னிக்கு வந்த பிறகும் சப்பாத்தைத் தட்டித்தான் போடுகிறோம், அது சிலந்திக்காக. அப்படிப்பட்ட பிராணிகளுக்குப் பின்னால் கால் நூற்றாண்டு அலைந்த ஒருவரைப் பற்றி இன்று சொல்கிறேன். அமெரிக்கப் பேராசிரியர் கேரி போலிஸ். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பொலிஸ் அல்ல.

தெற்குக் கலிபோர்ணியாவில் பாம் ஸ்பிறிங்ஸ் நகருக்கு அருகே உள்ள மணற்குன்றுகளில் எழுபதுகளில் அவர் வேலையைத் தொடங்கினார். புறஊதா ஒளி பட்டால் தேளின் உடல் பச்சையாக மின்னும். இருட்டில் அந்த விளக்கோடு நடந்தால், பகலில் கண்ணுக்கே அகப்படாத தேள்களை எண்ணிவிடலாம். அவர் இரவிரவாக எண்ணினார். எது எதைத் தின்கிறது என்று குறித்துக்கொண்டார். பெரிய தேள் தன் இனத்துச் சிறிய தேளையே தின்னும் என்பதும், பெரியவை அதிகம் நடமாடாத காலங்களில்தான் சிறியவை கூடுதலாக வெளியே வரும் என்பதும் அப்படி எண்ணித் தெரிந்தவை. 1990இல் தேள்களின் உயிரியல் பற்றி அவர் பதிப்பித்த பெரிய நூல் வந்தது.

1991இல் எழுதிய கட்டுரை வேறு மாதிரியானது. உயிரினங்களின் உணவுத் தொடர்பைச் சின்னப் படங்களாகக் கீறி, அவற்றிலிருந்து பொது விதிகள் சொல்லிவந்தவர்களுக்கு அது நல்ல அடி. அந்த ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் 138 வகை முள்ளந்தண்டுள்ள பிராணிகள், தேளும் சிலந்தியுமாக 55 வகை, 2,000க்கு மேற்பட்ட பூச்சி வகைகள். உங்கள் படங்களில் இவை எங்கே என்று கேட்டார். கணக்காளனான நானும் எத்தனையோ ஏடுகளைப் பார்த்து, "மிச்சம் எங்கே?" என்று கேட்டவன்தான். இவ்வளவு பெரிய விடுபாட்டைக் கண்டதில்லை.

எனக்கு அதிகம் பிடித்தது அவருடைய தீவுக் கதை. 1990 முதல் மெக்சிக்கோவின் கலிபோர்ணியா வளைகுடாத் தீவுகளுக்குப் போய்வந்தார். மழை மிகக் குறைவு, பற்றைகளும் அரிது. புல்பூண்டு இல்லாவிட்டால் பூச்சி இராது, பூச்சி இல்லாவிட்டால் சிலந்தியும் தேளும் இரா என்றுதானே நினைப்போம்? அங்கே சின்னஞ்சிறு தீவுகளில்தான் சிலந்திகள் அடர்ந்து கிடந்தன. வரவைக் காணவில்லை, செலவு மட்டும் நடக்கிறது!

வரவு கடலிலிருந்து வந்தது. அலை ஒதுக்கிய பாசி, செத்த மீன், கடற்பறவைகளின் எச்சம், இறந்த குஞ்சுகள். இவற்றில் பூச்சிகள் பெருகின. பூச்சிகளைத் தின்று சிலந்திகள் பெருகின. தீவு சிறியதென்றால் பரப்போடு பார்க்கக் கரை அதிகம், ஆகவே வரவும் அதிகம். இதை 1996இல் ஒரு சகாவோடு வெளியிட்டார். வெளிநாட்டுக் காசில் சீவிக்கும் ஊர்கள் எங்களுக்குப் புதிதா என்ன? மாதாமாதம் அனுப்புகிறவர்கள் நீங்களும் நானும்தானே. ஊருக்குள் விளைந்ததை மட்டும் கூட்டிப் பார்த்தால் அந்த வீடுகள் எப்படி எழும்பின என்று விளங்காது.

இதே கேள்வியோடு யப்பானில் ஷிகெரு நகானோ என்பவர் ஹொக்கைடோவின் காட்டு ஓடையொன்றில் ஆய்வு செய்துவந்தார். 2000 மார்ச்சில் அவரும் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் தக்குயா அபே, மசஹிக்கோ ஹிகாஷி ஆகியோரும் போலிசின் தீவுகளைப் பார்க்க வந்தார்கள். 27ஆம் திகதி, தீவிலிருந்து திரும்பும் வழியில் திடீரென்று காற்று எழும்ப, ஒன்பது பேர் இருந்த படகு கவிழ்ந்தது. நான்கு பேர் நீந்திக் கரையேறினார்கள். யப்பானியர் மூவரும், போலிசும், அவருடைய இளம் ஆய்வாளர் மைக்கல் ரோஸும் தப்பவில்லை. போலிசுக்கு வயது 53.

அடுத்த ஆண்டு நகானோவின் ஓடைக் கணக்கு வெளிவந்தது. ஓடை மீன்களின் ஆண்டு உணவுச் சக்தியில் 44 சதவீதம் காட்டிலிருந்து விழும் பூச்சிகள். காட்டுப் பறவைகளின் சக்தியில் ஏறக்குறைய 26 சதவீதம் ஓடையிலிருந்து எழும் பூச்சிகள். போலிசின் உணவுவலை நூலை மற்ற இரு பதிப்பாசிரியர்களும் 2004இல் கொண்டுவந்தார்கள். அட்டையில் முதற்பெயர் அவருடையதுதான்.