தாத்தா வேலை பார்த்த ஏரோட்ராம்



அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை சிவகாசியில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால், "எங்க தாத்தா சண்டைக் காலத்துல ஏரோட்ராம்ல வேலை பார்த்தாரு" என்று சொல்கிற வீட்டில், எந்த ஏரோட்ராம், என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே போக வழி உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9ஆம் தேதி திருகோணமலை. சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அந்தப் போர்க்காலத்தில்தான் சூலூர், சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு என்று ராணுவ விமானங்கள் இறங்க ஓடுதளங்கள் வந்தன. சிவகாசிக்காரர்களான நமக்குப் பக்கத்தில் கயத்தாறு. சாத்தூர், கோவில்பட்டி தாண்டி, திருநெல்வேலி சாலையில் இருக்கிறது. காற்றாலைகள் சுற்றும் அந்தப் பகுதியில் பழைய ஓடுதளம் இன்றும் கிடக்கிறது.

தேடுவோர் முதலில் மாவட்டப் பெயரைக் கவனிக்க வேண்டும். விருதுநகர் மாவட்டம் 1985இல்தான் பிறந்தது. போர்க்காலத்தில் சிவகாசியும் சாத்தூரும் ராமநாதபுரம் மாவட்டம், கயத்தாறு திருநெல்வேலி மாவட்டம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தப் பெயர்களில் கேளுங்கள். ஓடுதளத்துக்காகக் குடும்ப நிலம் அரசுக்குப் போயிருந்தால், அதன் சர்வே எண்ணோடு அன்றைய அரசிதழான செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட்டைப் பாருங்கள்.

அடுத்தது போட்டோ. பெட்டியடியில் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தில் விமானம் இருந்தால், அதன் உடம்பில் உள்ள வட்டச் சின்னத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் சின்னத்தின் நடுவில் சிவப்பு உண்டு. ஜப்பான் விமானத்திலும் சிவப்பு வட்டம். நம் ஆளே நம் விமானத்தைச் சுட்டுவிடக் கூடாது என்று, 1942 நடுவிலிருந்து இந்தப் பக்கத்து விமானங்களில் அந்தச் சிவப்பை எடுத்தார்கள். நடுவட்டம் வெளுப்பாகத் தெரிந்தால் அநேகமாக அது அதற்குப் பிந்திய போர்க்காலப் படம். படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையோ படைப்பிரிவு எண்ணோ அங்கேதான் இருக்கும்.

அந்தப் படைப்பிரிவு (ஸ்குவாட்ரன்) எண் கிடைத்தால், லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அதன் நாட்குறிப்பைத் தேடலாம். ஏர் 27 என்ற வரிசை ஸ்குவாட்ரன்களுக்கு, ஏர் 28 விமானத்தளங்களுக்கு. எந்த விமானம், யார் ஓட்டினார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பது வரை எழுதியிருப்பார்கள்.

ஆனால் ஓடுதளத்துக்குக் கல் உடைத்தவர் பெயரையும் சல்லி சுமந்தவர் பெயரையும் அதில் தேடினால் கிடைப்பது அரிது. அவர்களுக்கு சாட்சி, உங்கள் வீட்டுப் பெரியவர்கள்தான். 1943இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. கூலி நாளுக்கா வாரத்துக்கா, மேஸ்திரி எந்த ஊர், கல் எங்கிருந்து வந்தது, விமானத்துக்கு ஒரு எஞ்சினா இரண்டா என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே செல்போனில் பதிவு செய்து, தேதியும் சொன்னவர் பெயரும் குறித்து வையுங்கள்.

விமானம் ஓட்டியவருக்குக் காகிதம் இருக்கிறது, அது இன்னும் நூறு வருஷம் இருக்கும். ஓடுதளம் போட்டவரின் கதைக்கு அந்த அவகாசம் கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே பெரியவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.