விஷ்ணுவர்த்தனன் ஆட்சியில் நீலமலை



நீலமலை எழுத்தில் ஏறிய வரலாறே இவ்வுரையின் பொருள். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் சேரன் செங்குட்டுவனின் வடதிசைப் பயணத்தைக் கூறுமிடத்தில் நீலகிரி என்ற பெயரைச் சொல்கிறது. அது இம்மலையே என்பாரும், வேறு மலை என்பாரும் உளர். காலமும் இடமும் ஐயமின்றி விளங்கும் பழஞ்சான்று 1117ஆம் ஆண்டினது. அதன் மொழி கன்னடம். அது நிற்குமிடம் சாமராசநகரில் உள்ள பார்சுவநாதர் பசதி. அப்போது அரசாண்டவன் போசள மன்னன் விஷ்ணுவர்த்தனன்.

கூடலூருக்கு இச்செய்தி தொலைவானதன்று. கூடலூர் வட்டம் பழைய வயநாட்டின் தென்கிழக்குப் பகுதி. 1877ஆம் ஆண்டில்தான் அது மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. கன்னடக் கல்வெட்டுகளில் பயல்நாடு என வழங்குவது இவ்வயநாடே. மைசூரிலிருந்து குண்டுலுப்பேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு வழியாகக் கூடலூருக்கு வரும் சாலையில் நாள்தோறும் பேருந்துகள் ஓடுகின்றன. அச்சாலையில் உள்ள குண்டுலுப்பேட்டைக்குக் கிழக்கேதான் அந்தக் கல் நிற்கிறது.

விஷ்ணுவர்த்தனனின் இயற்பெயர் பிட்டிதேவன். ஏறத்தாழ 1108ஆம் ஆண்டில் அவன் அரசேறினான். மேலைச் சாளுக்கியருக்கு அடங்கிய சிற்றரசாக இருந்த போசள நாட்டைப் பேரரசின் வாயிலுக்குக் கொண்டுவந்தவன் அவனே. இராமானுசரின் தொடர்பால் அவன் வைணவம் தழுவினான் என்று வைணவ மரபு போற்றும். அரசி சாந்தலை சமணத்தைப் போற்றினாள். படைத்தலைவர் கங்கராசரும் சமணர். சமயம் பலவாக இருந்த அவையில் வாளின் திசை மட்டும் ஒன்றாக இருந்தது.

அத்திசை தெற்கு. முதலாம் இராசராசன் காலத்திலிருந்து நூறாண்டுக்கு மேலாகக் கங்கபாடி சோழர் ஆட்சியில் இருந்தது. காவிரிக்கரைத் தலைக்காடு இராசராசபுரம் என்று பெயர் பூண்டிருந்தது. 1116ஆம் ஆண்டில் கங்கராசர் அதனைக் கைப்பற்றினார். அங்குச் சோழருக்காகக் காவல் நின்ற படைத்தலைவனின் பெயர் அதியமான். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவனின் பெயர் பன்னூறாண்டு கழித்து வேற்று நாட்டுக் கோட்டையில் தோற்றவனின் பெயராக வந்து நிற்கிறது. விஷ்ணுவர்த்தனன் ‘தலைக்காடு கொண்டவன்’ என்று விருதுப்பெயர் சூடினான். அடுத்த ஆண்டு, 1117இல், வேலூர் எனத் தமிழில் எழுதினால் மயக்கம் தரும் கன்னட நாட்டுப் பேலூரில், சென்னகேசவர் கோயில் எழுந்தது. கல்லில் நகையும் நடையும் காட்டும் அக்கோயிலைக் காண இன்றும் மக்கள் திரள்கின்றனர்.

பேலூர்க் கோயிலும் சாமராசநகர்க் கல்லும் ஒரே ஆண்டின் படைப்புகள். ஒன்று உளியின் வெற்றி. மற்றொன்று சொல்லின் வெற்றி. கவிஞர் மன்றம் ஆழ்ந்து நோக்க வேண்டியது இரண்டாவதையே.

அக்கல்லில் புகழப்படுபவர் புணிசர் என்னும் தண்டநாயகர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரைஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் அதனைப் படித்துப் பதிப்பித்தார். அதன் பொருள் இவ்வாறு செல்கிறது: புணிசர் தோடரை அச்சுறுத்தினார், கொங்கரை மண்ணுக்குள் ஒளிய வைத்தார், பொலுவரை வெட்டினார், மலையாளரை மாய்த்தார், காலன் என்னும் அரசனை நடுங்கச் செய்தார், நீலமலைக்குள் புகுந்து அதன் சிகரத்தை வெற்றித் திருமகளுக்குக் காணிக்கையாக்கினார்.

இத்தொடரை இலக்கணம் கற்றவர் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். எழுவாய் ஒன்றே, செயப்படுபொருள்கள் பல. மலையில் பிறந்தவர், மலையில் மேய்த்தவர், மலையின் அடிவாரத்தில் உழுதவர் ஆகிய அனைவரும் இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்று நிற்கின்றனர். அவர்களுக்கென ஒரு வினைமுற்று இல்லை. அவர்கள் வந்தனர், நின்றனர், மறுத்தனர், பாடினர் என்று ஒரு சொல்லும் கல்லில் இல்லை. மலைகூடத் தானாக நிற்கவில்லை. பிறர் கையால் காணிக்கைப் பொருளாக எடுத்து வைக்கப்படுகிறது.

வினைச்சொற்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. பொலுவருக்கும் மலையாளருக்கும் கிடைத்தது கொலைச்சொல். தோடருக்குக் கிடைத்தது அச்சச்சொல் மட்டுமே. எருமை வளர்த்து, பாலும் வெண்ணெயும் தமக்குச் செல்வமும் சமயமுமாகக் கொண்டு வாழ்ந்த மக்கள் படையெதிர் நின்றதாகக் கல்லும் கூறவில்லை. போரிடாதவரை அச்சுறுத்தியதையும் வெற்றிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளப் புகழ்மொழி தயங்கவில்லை. ஆயினும் அவ்வொரு சொல்லே தோடர் 1117இல் இம்மலையில் வாழ்ந்தனர் என்பதற்குரிய மிகப் பழைய எழுத்துச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அவர்களை இழிக்க வந்த தொடர் அவர்களின் தொன்மைக்குச் சாட்சியாக மாறிவிட்டது.

அதே கல்லில் மற்றொரு பகுதி உண்டு. கெட்டு நொடித்த வணிகனுக்கும், விதைக்க விதையில்லாத உழவனுக்கும், அதிகாரம் பறிபோய் ஏவலாளாகிவிட்ட வேடர் தலைவனுக்கும் அவரவர் இழந்ததைக் கொடுத்துப் புணிசர் காத்தார் என்று அப்பகுதி புகழ்கிறது. கொடையைச் சொல்ல வந்த புலவன் அதற்குமுன் அழிவைச் சொல்லியாக வேண்டியிருந்தது. விதை ஏன் இல்லாமற் போயிற்று, வணிகன் எதனால் நொடித்தான், வேடர் தலைவன் யார் முன் ஏவலாளானான் என்பவற்றைக் கல் கூறவில்லை. ஆனால் நாடு கொண்ட போரின் மறு ஆண்டு அந்நாட்டின் வயலும் கடையும் காடும் எந்நிலையில் கிடந்தன என்பதை அம்மூவர் காட்டிவிடுகின்றனர். புகழ்ச்சியை மட்டும் கேட்பவன் கொடையைக் காண்பான். கவிஞனாகக் கேட்பவன் விதையற்ற உழவனைக் காண்பான்.

இருநூறாண்டு கழித்தும் அந்நடை மாறவில்லை. மூன்றாம் வல்லாளன் ஆட்சியில் மாதவ தண்டநாயகர் ‘நீலகிரி சாதாரன்’, அதாவது நீலகிரியை அடக்கியவர், என்று விருதுப்பெயர் பூண்டார். பவானியும் மாயாறும் கூடுமிடத்தில் தண்டநாயகன் கோட்டை இருந்தது. வல்லாளனோ மதுரைச் சுல்தானிடம் சிறைப்பட்டு, 1342ஆம் ஆண்டளவில் உயிரிழந்தான். கோட்டை 1955இல் நிறைவுற்ற பவானிசாகர் அணையின் நீருள் அடங்கிவிட்டது. கடும் கோடையில் நீர் வற்றும்போது மாதவராயப் பெருமாள் கோயிலின் கற்கள் தலைகாட்டும். முதுமலைக் காட்டைக் கடந்து செல்லும் மாயாற்று நீரே அக்கோட்டையையும் மூடியிருக்கிறது. அடக்கியவரின் கோட்டை நீரடியில் கிடக்க, அடங்கியதாகச் சொல்லப்பட்ட மக்கள் தம் மந்துகளில் இன்றும் வாழ்கின்றனர்.

அரசனே கவிஞனாயின் நிலை வேறாகுமோ என்னும் வினா இங்கு எழும். வல்லாளனின் சமகாலத்தவனாகப் போர்த்துகலில் தினிஸ் என்னும் மன்னன் இருந்தான். 1279 முதல் 1325 வரை ஆண்ட அவனை அந்நாட்டார் ‘உழவர் மன்னன்’ என்று அழைப்பர். இலத்தீனை விலக்கி, மக்கள் பேசிய மொழியை அரசு ஆவணங்களுக்கு உரியதாக்கினான். 1290இல் பல்கலைக்கழகம் நிறுவினான். அவன் இயற்றிய 137 பாடல்கள் இன்றும் உள. அவற்றுள் ஐம்பதுக்கு மேற்பட்டவை, பிரிந்த காதலனை எண்ணி வருந்தும் இளம்பெண்ணின் கூற்றாக அமைந்தவை. அகத்திணை பயின்றவர்க்கு அது தலைவி கூற்று என்பது உடனே விளங்கும். அவன் இறுதியாண்டுகளில் மகனே அவனை எதிர்த்துப் படையெடுத்தான். அந்தப் போர்களைக் காட்டிலும் அப்பாடல்களே அவன் ஆட்சியை உலகுக்கு நினைவூட்டுகின்றன. ஆயினும் அங்குப் பேசுபவள் பெண், பேசவைத்தவன் மன்னன். பிறர்க்குக் குரல் கொடுப்பது உயர்ந்த கலை. பிறர் குரலைக் கேட்பது அதனினும் வேறானது.

அவ்வேறுபாட்டைத் தமிழ்க் கவிதை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டனர். பாரி மாய்ந்தான். அவ்வெற்றியை அவ்வேந்தருக்காகப் பாடிய பாட்டு நிலைக்கவில்லை. தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிரின் சிறு பாட்டு, புறநானூற்றில் 112ஆம் பாட்டாக நிற்கிறது. கபிலரின் கையறுநிலைப் பாட்டுகள் அதன் அருகில் நிற்கின்றன. வென்ற மூவரின் இயற்பெயரைக்கூடக் கூறாமல் ‘மூவேந்தர்’ என்று பொதுப்பெயரில் தமிழுலகம் விட்டுவிட்டது. தோற்றவன் பெயரைக் கொடைக்கே மறுபெயராக்கிக்கொண்டது. மலை வீழ்ந்த கதையைத் தோற்றவர் வாயால் கேட்ட மொழி தமிழ். நீலமலைக்கு 1117இல் வாய்க்காமற்போனது அந்தப் பாரி மகளிரே.

அதனால் மலைமக்களுக்குப் பாட்டில்லை என்று கருதுதல் பிழை. எமனோ என்னும் மொழியியல் அறிஞர் 1935 முதல் 1938 வரை நீலகிரியில் தங்கித் தோடர் மொழியைப் பயின்று, பாடல்களைத் திரட்டினார். 1971இல் அவை பெருந்தொகுதியாக வெளிவந்தன. தோடர் பாட்டு இணையிணையான சிறு தொடர்களால் ஆனது. ஒரு தொடரைச் சொன்னால் அதன் துணைத்தொடர் உடன்வர வேண்டும். எருமைக்கும் மந்துக்கும் குன்றுக்கும் பாட்டில் வழங்கும் மரபுச் சொற்கள் உண்டு. தோடர் வாழ்வில் நிகழும் எதுவும் பாட்டுக்குப் பொருளாகும். அச்சமூகத்தில் பாட்டுக் கட்டத் தெரிந்தவர் அருகியவர் அல்லர். கல்வெட்டில் ‘தோடரை’ என்று ஒரே சொல்லில் முடிந்துபோன மக்கள், தம் பாட்டில் ஒவ்வொரு குன்றையும் தனித்தனியே சுட்டுகின்றனர். கல்லில் செயப்படுபொருளாக நின்றவர் பாட்டில் எழுவாயாக நிற்கின்றனர்.

புகழ்மொழியின் இலக்கணம் போசளரோடு முடிந்துவிட்டதா? இல்லை என்பதைக் கூடலூரே அறியும். 1964 அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்று அது கூறிற்று. எஞ்சியவர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஏற்றனர், பிரித்தனர், அனுப்பினர் என்னும் வினைகளுக்கு எழுவாய் அரசுகள். தேயிலைக் கொழுந்தைக் கிள்ளிய கைகளுக்கு உரியவர் அங்கும் ‘பேரை’ என்று இரண்டாம் வேற்றுமையில்தான் நின்றனர். அவ்வாறு கப்பலேறி வந்தவர்களுள் பலர் இக்கூடலூர் மண்ணிலும், இதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் குடியமர்ந்தனர். அவர்தம் பெயரர்கள் இன்று இந்நகரின் பள்ளிகளில் படிக்கின்றனர்.

கவிஞர் பெருமக்களே, பத்தாண்டு நிறைவு கண்ட மன்றத்தின் முன் உள்ள பணி இதிலிருந்தே தெளிவாகும். பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர், இருளர் ஆகியோரின் பாட்டுகள் கூடலூரைச் சுற்றியுள்ள குடிகளில் பாடப்படுகின்றன. தோட்டத்து லயங்களில் இலங்கை மலையகத்தின் தாலாட்டும் ஒப்பாரியும் இருக்கின்றன. அவற்றைத் தேடிச் சென்று கேட்க வேண்டும். அவர்களைப் பற்றி எழுதுவதற்கு முன் அவர்கள் சொல்லை எழுதிக்கொள்ள வேண்டும். பாடியவரின் இசைவோடு அவர் பெயர் பாட்டின் தலையில் இடம்பெற வேண்டும். யாப்புக்கு ஒவ்வாதது என்று ஒரு சொல்லைத் திருத்துவதும், இலக்கணத்துக்கு முரண் என்று ஒரு விகுதியை மாற்றுவதும் கூடாது. பொருள் விளங்காத இடத்தில் பாடியவரிடமே கேட்டுக் குறிக்க வேண்டும். பதிவு செய்ததை முதலில் அவர்களுக்கே படித்துக் காட்ட வேண்டும்.

புணிசரின் புகழைப் பாடிய புலவன் திறமையற்றவன் அல்லன். அவன் சொற்கள் ஒன்பது நூற்றாண்டு கல்லில் நிலைத்தன. அவனிடம் குறைவாக இருந்தது சொல்வளம் அன்று. மலைக்குள் புகுந்த படையோடு அவன் பார்வையும் புகுந்தது, செவி புகவில்லை. அடுத்த பத்தாண்டு மலரில், இம்மலையின் மக்கள் தம் வாயால் தம்மைச் சொல்லும் பக்கங்கள் இடம்பெறுமாயின், சாமராசநகர்க் கல்லுக்கு இக்கூடலூர் எழுதிய மறுமொழியாக அவை அமையும்.