உள்ளே இருக்கிறவர் கையெழுத்து: சிறைவாசி குடும்பம் ஏமாறாமல் இருக்க நாம் தெரிஞ்சுக்க வேண்டியது

(மாவட்ட தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, உங்க கிளை வாட்ஸ்அப் குழுவில் போடுங்க.)



ஐடி விங்னா மீம் போடறது, ட்ரெண்டிங் பண்றதுன்னுதான் வெளியே நினைக்கிறாங்க. இன்னைக்கு நான் பேசப் போறது அதைப் பத்தி இல்ல. நம்ம தெருவுல ஒருத்தர் சிறைக்குப் போயிட்டா, அடுத்த நாள் காலையில அவர் வீட்டு வாசல்ல நாம என்ன செய்ய முடியும்ங்கிறதைப் பத்தி.

போராட்டத்துல கைதான தோழரா இருக்கலாம். குடும்பச் சண்டையில கைதானவரா இருக்கலாம். குண்டர் சட்டத்துல உள்ளே போனவரா இருக்கலாம். அவர் செஞ்சாரா இல்லையான்னு நீதிமன்றம் பார்த்துக்கும். ஆனா வீட்டுல இருக்கிறவங்களுக்கு முதல் வாரத்துலயே ஒரு பிரச்சினை வந்துடும். அதுதான் கையெழுத்து. வக்கீல் வக்காலத்துல கையெழுத்து கேட்பார். வங்கியில பணம் எடுக்கக் கையெழுத்து. நகைக் கடனைத் திருப்பக் கையெழுத்து. வழக்குச் செலவுக்கு நிலத்தை அடமானம் வைக்கணும்னா அதுக்கும் கையெழுத்து. போட வேண்டிய ஆள் புழல்லயோ, பாளையங்கோட்டையிலயோ, திருச்சியிலயோ உள்ளே இருக்கார்.

இந்த இடத்துலதான் புரோக்கர் வர்றார். கோர்ட் வாசல்ல, பத்திரக் கடை பக்கத்துல நிப்பார். "ஆள் வரவே வேண்டாம்மா, நானே நோட்டரி சீல் வாங்கித் தர்றேன், அஞ்சாயிரம் கொடுங்க"ன்னு சொல்வார். பதறிப் போயிருக்கிற அம்மாவுக்கும் மனைவிக்கும் அது கடவுளே அனுப்பின உதவி மாதிரி தெரியும். புருஷன் பேர்ல யாரோ கையெழுத்து போடுவாங்க. கீழே சிவப்பு சீல் விழும். அந்தக் காகிதம் செல்லாது. அதை விட மோசம், அது புதுசா ஒரு குற்ற வழக்கு. சொத்து, பணம் சம்பந்தப்பட்ட ஆவணத்துல போலிக் கையெழுத்து போட்டா, பாரதிய நியாய சன்ஹிதாபடி ஆயுள் தண்டனை வரைக்கும் போக வழி இருக்கு. உள்ளே ஒருத்தர் இருக்கும்போது, வெளியே இருக்கிற இன்னொருத்தரையும் சேர்த்து மாட்டிவிடற வேலை இது.

நான் வக்கீல் இல்ல. இன்ஜினியரிங் படிச்சவன். எங்க படிப்புல ஒண்ணு சொல்லித் தருவாங்க: இன்புட் தப்பா இருந்தா அவுட்புட்டும் தப்பாத்தான் வரும். இதுலயும் அப்படித்தான். எந்தக் காகிதத்தைக் கையில எடுத்தாலும் மூணு கேள்வி கேளுங்க.

1. இதுல யாரோட கையெழுத்து வேணும்?
2. அது யார் முன்னாடி போடப்படணும்?
3. இந்தக் காகிதத்தை ஏத்துக்கப் போற அலுவலகம் எது?

இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சா பாதி அலைச்சல் போயிடும். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல, நோட்டரின்னா யாரு?

1952-ம் வருஷத்து நோட்டரிகள் சட்டத்தின்படி அரசு நியமிக்கிற ஆள். பெரும்பாலும் அனுபவமுள்ள வழக்கறிஞர். ஒரு ஆவணத்துல கையெழுத்து போட்டவர் இவர்தான், தன் முன்னாடிதான் போட்டார்னு உறுதி சொல்றதுதான் அவர் வேலை. சீல் அழகா இருக்கிறது முக்கியமில்ல, முன்னாடி ஆள் இருந்தாரான்றதுதான் முக்கியம். அதுக்காகத்தான் ஒவ்வொரு நோட்டரியும் பதிவேடு வச்சிருக்கணும். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா அந்தப் பதிவேட்டைத்தான் பார்ப்பாங்க. அதே தேதியில அந்த மனுஷன் ஜெயில்ல இருந்தார்னு சிறைப் பதிவேடு சொன்னா, கதை முடிஞ்சது.

இன்னொண்ணு. நோட்டரி தன் கட்டண விவரத்தை அலுவலகத்துல எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒட்டி வைக்கணும்னு விதி இருக்கு. போனதும் அதைப் பாருங்க. ரசீது கேளுங்க. கேட்கறது நம்ம உரிமை.

நோட்டரியே தேவைப்படாத காகிதங்கள்

இதைத் தெரிஞ்சுக்கிட்டாலே நிறைய பணம் மிச்சம்.

வக்காலத்து: உள்ளே இருக்கிறவர் கையெழுத்து போட, சிறை அதிகாரி சான்றொப்பம் போட்டு முத்திரை வச்சாப் போதும். வக்கீலே சிறைக்குப் போய் வாங்கிடுவார். நோட்டரிக்கு இங்க வேலையே இல்ல.

மேல்முறையீடு: தண்டனை பெற்றவர் தன் மேல்முறையீட்டு மனுவை சிறை அதிகாரி வழியாவே நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். சட்டத்துலயே அந்த வழி இருக்கு.

குண்டர் சட்டம்: ஆட்கொணர்வு மனு போடறது பெரும்பாலும் அம்மா, அப்பா, மனைவி. அப்போ பிரமாணப் பத்திரம் அவங்களோடது, கையெழுத்தும் அவங்களோடது. உள்ளே இருக்கிறவர் அரசுக்கு அனுப்பற முறையீடு சிறைக் கண்காணிப்பாளர் வழியா போகும். அதுக்கும் நோட்டரி வேண்டாம்.

ஜாமீன்தாரர் ஆவணம்: ஜாமீன் நிக்கிறவர் வெளியே இருக்கிறவர்தான். தன் கையெழுத்தைத் தானே போடுவார். இதுக்கு "உள்ளே போய் கையெழுத்து வாங்கணும்"னு யாராவது காசு கேட்டா நம்பாதீங்க.

குழந்தை பாஸ்போர்ட்: 2016 டிசம்பர்ல விதியை மாத்தினாங்க. இணைப்புப் படிவங்களை வெள்ளைத்தாள்ல சுய உறுதிமொழியா கொடுத்தாப் போதும், நோட்டரி சான்று தேவையில்லை.

நோட்டரி தேவைப்படற இடம்

உள்ளே இருக்கிறவரே கொடுக்க வேண்டிய பிரமாணப் பத்திரம், வங்கியோ வேற நிறுவனமோ கேட்கற அதிகாரப் பத்திரம், இதெல்லாம் இந்த வகை. இதுலயும் ஒரு விஷயம் கவனிங்க. பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி மட்டும்தான்னு சட்டம் சொல்லல. மாஜிஸ்திரேட் முன்னாடியும், அதுக்குன்னு நியமிச்ச உறுதிமொழி ஆணையர் முன்னாடியும் உறுதி எடுக்கலாம்.

நடைமுறை எப்படின்னா, முதல்ல வாங்கப் போற அலுவலகத்துல கேளுங்க. உதாரணத்துக்கு வங்கி. மேலாளரைப் பார்த்து, "சார், அக்கவுண்ட்காரர் சிறையில இருக்கார், உங்களுக்கு எந்த வடிவத்துல வேணும்? சிறைக் கண்காணிப்பாளர் சான்றொப்பம் போட்ட கடிதம் போதுமா, நோட்டரி போட்ட அதிகாரப் பத்திரம் வேணுமா?"ன்னு கேட்டு, முடிஞ்சா எழுத்துல வாங்கிடுங்க. கடிதமே போதும்னா நோட்டரி செலவே மிச்சம்.

நோட்டரிதான் வேணும்னா, அவர் உள்ளே போய்த்தான் ஆகணும். அதுக்கு சிறைக் கண்காணிப்பாளருக்கு வக்கீல் மூலமா மனு கொடுக்கணும். அனுமதி கிடைக்கலன்னா, வழக்கு நடக்கிற நீதிமன்றத்துலயே மனு போட்டு உத்தரவு வாங்கலாம். மனுவுல என்ன ஆவணம், எதுக்காக, யார் பேருக்குன்னு தெளிவா எழுதணும். வாய்தாவுக்கு அவரை நேர்ல கூட்டி வர்ற நாள் இருந்தா, நீதிமன்ற அனுமதியோட அங்கயே கையெழுத்து வாங்கவும் வக்கீல் கேட்டுப் பார்க்கலாம். இப்போ வாய்தா பலதும் வீடியோவுலயே முடிஞ்சுடறதால, இதை மட்டும் நம்பிக் காத்திருக்காதீங்க.

வீடு, நிலம்னா கதையே வேற

தோழர்களே, இதைத்தான் நல்லா கவனிக்கணும். பெரிய ஏமாத்து வேலை நடக்கறது இங்கதான்.

நிலத்தை விக்கவோ அடமானத்தைப் பதிவு பண்ணவோ, நோட்டரி சீல் போட்ட அதிகாரப் பத்திரம் இங்க போதாது. சார்பதிவாளர் அலுவலகத்துல பதிவான அதிகாரப் பத்திரம் வேணும். "சரி, ஆள் உள்ளே இருக்கார், எப்படி சார்பதிவாளர் ஆபீஸுக்கு வருவார்?" இதைக் கேட்டதும் புரோக்கர் சிரிப்பார். அவருக்குத் தெரியும், இதுக்குப் பதில் நமக்குத் தெரியாதுன்னு.

பதில் 1908-ம் வருஷத்துச் சட்டத்துல இருக்கு. பதிவுச் சட்டம், பிரிவு 33, பிரிவு 38. உடல்நலம் இல்லாம வர முடியாதவங்க, சிறையில இருக்கிறவங்க இவங்கெல்லாம் பதிவு அலுவலகத்துக்கு நேர்ல வரத் தேவையில்லைன்னு அதுல எழுதியிருக்கு. பதிவு அதிகாரி சிறைக்கே போய் விசாரிக்கலாம், இல்லன்னா கமிஷன் அனுப்பி விசாரிக்கலாம். அவர் விருப்பப்பட்டுத்தான் கையெழுத்து போட்டாரான்னு உறுதி பண்ணிக்கிட்டு ஏத்துக்கலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்! நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. பணக்காரனுக்கு இதை அவன் வக்கீல் சொல்லிடறார். கூலி வேலைக்குப் போற அக்காவுக்கு யார் சொல்றது? நாமதான் சொல்லணும்.

இதுக்கு அரசு நிர்ணயிச்ச கட்டணம் உண்டு. அதைக் கட்டி ரசீது வாங்குங்க. விண்ணப்பத்தோட, அவர் சிறையில இருக்கார்ங்கிறதுக்கான சான்றையும் வையுங்க.

எந்த அதிகாரப் பத்திரம் எழுதணும்?

பொது அதிகாரம், தனி அதிகாரம்னு ரெண்டு இருக்கு. "என் சொத்து எல்லாத்தையும் என்ன வேணா பண்ணலாம்"னு எழுதற பொது அதிகாரம் அவசரத்துல தேவையே இல்லை. இந்த வங்கியில இந்தக் கணக்கு, இந்த சர்வே எண் நிலம், இந்தக் கடன்னு ஒரே ஒரு வேலைக்குத் தனி அதிகாரம் எழுதுங்க. உள்ளே இருக்கிறவர் பயத்துல எதுலயும் கையெழுத்து போடுவார். அந்த நேரத்துல மச்சான், பங்காளி, பக்கத்து நிலத்துக்காரன்னு யார் பேருக்கு எழுதறோம்ங்கிறது அவர் வெளியே வந்த பிறகும் அவருக்குச் சொத்து இருக்குமாங்கிற கேள்வி. ரத்து பண்ணணும்னு தோணினா அவர் உள்ளேயிருந்தே ரத்து பண்ணவும் உரிமை இருக்கு.

ஆவணம் ஆங்கிலத்துல இருந்தா, தமிழ்ல படிச்சுக் காட்டி அவர் புரிஞ்சுகிட்டார்னு கீழே ஒரு வரி கட்டாயம் இருக்கணும். எழுதப் படிக்கத் தெரியாதவர்னா கைநாட்டு, அதுக்கு சாட்சி, அதிகாரியோட சான்றொப்பம். வெத்துத்தாள்ல மட்டும் யாரையும் கையெழுத்து போட விடாதீங்க, அது வக்கீலே கேட்டாலும் சரி.

கடல் தாண்டி உள்ளே இருக்கிறவங்க

ராமேஸ்வரம், நாகப்பட்டினம் தோழர்கள் இதைக் குறிச்சுக்கங்க. இலங்கைச் சிறையில இருக்கிற மீனவர், வளைகுடாச் சிறையில இருக்கிற தொழிலாளி, இவங்க கையெழுத்துக்கு வழி இந்தியத் தூதரகம். 1948-ம் வருஷச் சட்டப்படி நம்ம தூதரக அதிகாரிகளுக்கு நோட்டரி செய்யற வேலையைச் செய்ய அதிகாரம் இருக்கு. யாழ்ப்பாணத்துலயே இந்தியத் துணைத் தூதரகம் 2010-லிருந்து இருக்கு. வெளிநாட்டுல கைதானவரைத் தூதரக அதிகாரி சிறையில போய்ப் பார்க்க வியன்னா உடன்படிக்கையும் உரிமை கொடுக்குது. அப்படி அங்கிருந்து வர்ற அதிகாரப் பத்திரத்துக்கு, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள்ள முத்திரைக் கட்டணம் கட்டிடணும். பீரோவுல வச்சு மறந்துடாதீங்க.

காசு இல்லைன்னா?

காவல்ல இருக்கிற எவருக்கும், வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம, இலவச சட்ட உதவி உண்டு. 1987-ம் வருஷச் சட்ட உதவி ஆணையங்கள் சட்டம், பிரிவு 12. மாவட்ட நீதிமன்ற வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கு. தொலைபேசி எண் 15100. இந்த எண்ணை இப்பவே போன்ல சேவ் பண்ணுங்க.

நாம செய்ய வேண்டியது

ஒவ்வொரு ஒன்றியத்துலயும் ரெண்டு பேர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கணும். அந்தக் குடும்பத்தோட ஒரு தாள்ல இதெல்லாம் எழுதி வச்சுக்கங்க: பெயர், தந்தை பெயர், காவல் நிலையம், குற்ற எண், எந்தச் சிறை, கைதி எண், எந்த நீதிமன்றம், அடுத்த வாய்தா தேதி. சிறைக்கு மனு போட்டுப் பார்க்கப் போகும்போதும், வக்கீலைப் பார்க்கும்போதும், சார்பதிவாளர்கிட்ட போகும்போதும் முதல்ல கேட்கறது இதைத்தான். இது இல்லாம நாலு தடவை பஸ் ஏறி இறங்கற அம்மாக்களை நாம பார்க்கிறோம். ஒரு தடவை பஸ் ஏறினா ஒரு நாள் கூலி போச்சு.

வக்கீல் செய்ய வேண்டியதை நாம செய்யக் கூடாது. ஆவணம் எழுதாதீங்க, சாட்சிக் கையெழுத்தை யோசிக்காம போடாதீங்க, யார் பணத்தையும் கையில வாங்காதீங்க. கூடப் போங்க. கேள்வி கேளுங்க. ரசீதைப் போட்டோ எடுத்து வச்சுக்கங்க. அது போதும்.

அரசுகிட்டயும் நாம கேட்கணும். ஒவ்வொரு மத்திய சிறை வாசல்லயும், ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்துலயும் தமிழ்ல ஒரு பலகை வையுங்க. சிறையில இருக்கிறவர் கையெழுத்துக்கு எந்த அதிகாரி, எவ்வளவு கட்டணம், எத்தனை நாள்னு அதுல எழுதுங்க. ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகும்? அந்தப் பலகை இருந்தா புரோக்கருக்கு அந்த இடத்துல வேலை இருக்காது.

சிறைக்குப் போனவரோட சுதந்திரத்தைத்தான் சட்டம் எடுத்துக்குது. அவர் வீட்டையும், நிலத்தையும், பொண்ணோட காலேஜ் ஃபீஸையும் எடுத்துக்கச் சொல்லல. அதைக் காப்பாத்தற வேலை ஒரு சரியான கையெழுத்துல இருக்கு. அந்தக் கையெழுத்து சரியான இடத்துல, சரியான ஆள் முன்னாடி விழறதுக்கு நாம துணையா நிப்போம்.



உங்க பகுதியில இப்படி அலையற குடும்பம் இருந்தா, பெயரையோ வழக்கு விவரத்தையோ கமெண்ட்ல போடாதீங்க. உங்க ஒன்றியப் பொறுப்பாளர்கிட்ட நேர்ல சொல்லுங்க. இந்தப் பதிவைப் பகிருங்க.