கண் சொல்லும் சேதி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"என்ஜினீயர் எதுக்குய்யா கண்ணைப் பத்திப் பேசறான்?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாய்லர் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று அதில் தெரியும். பாய்லரைப் பிரிக்க வேண்டியதில்லை. நம் உடம்புக்கும் அப்படி ஒன்று உண்டு. அது கண். இதை நான் வகுப்பில் கற்கவில்லை. என் அப்பாவால் கற்றேன்.

எங்கள் ஊர் கெங்கவல்லி. அப்பா குச்சிக்கிழங்கு வெள்ளாமை செய்கிறவர். சில வருடங்களுக்கு முன் பார்வை மங்குகிறது என்றார். லீவில் வந்திருந்த நான் ஆத்தூருக்கு அழைத்துப் போய் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டேன். கடமை முடிந்தது என்று நினைப்பு!

இரண்டு வருடம் கழித்து ஊரில் கண் முகாம் நடந்தது. கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம் என்று அப்பா போனார். டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்குச் சர்க்கரை எத்தனை வருஷமா இருக்குதுங்க?"

"எனக்கு நோய்நொடி ஒண்ணும் இல்லீங்களே அம்மா. தினமும் காட்டுல வேலை செய்யறேன்."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இருந்தது. விழித்திரையில் ரத்தக் கசிவு. லேசர் சிகிச்சையில் வலது கண் தப்பியது. இடது கண்ணில் போன பார்வை போனதுதான்.

காரணம் இதுதான். உடம்பைக் கிழிக்காமல் ரத்தக் குழாய்களை நேராகப் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. அதைப் பார்க்கும் கருவியை 1851-ல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விவரித்து வெளியிட்டார். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அந்தக் குழாய்களில் தடம் பதிக்கும். மண்டைக்குள் அழுத்தம் கூடினால் பார்வை நரம்பின் முனை வீங்கும். வெளியிலேயே தெரிகிறவையும் உண்டு. கீழ் இமையின் உட்புறம் வெளுத்தால் ரத்தசோகை, வெள்ளை விழி மஞ்சளித்தால் காமாலை, விழி பிதுங்கினால் தைராய்டு என்று சந்தேகிக்கலாம். சந்தேகம்தான், முடிவைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரையின் பாதிப்பைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்த கூகுள் ஆய்வு 2016-ல் வெளிவந்தது. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும், சென்னை சங்கர நேத்ராலயாவின் படங்களும் அதற்குப் பயன்பட்டன. இது நம் துறைக்காரர்களும் கைகொடுக்கும் வேலை.

அப்பா என்னைக் குறை சொன்னதே இல்லை. ஆனால் எனக்கு உறுத்தல் இருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு மெஷினுக்கும் வருடாந்திரப் பராமரிப்பைத் தவறவிட்டதில்லை நான். பெற்றவருக்குக் கண்ணாடியோடு நிறுத்திவிட்டேன்.

வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள். ஆரம்பத்தில் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது. ஆகவே அனுப்பி வைக்காதீர்கள்; கூடவே போங்கள்.