தீவுகளின் கொடிகளும் தமிழர் இடமும்

 

பத்தாண்டுகளாகத் தமிழ் வளர்த்துவரும் இவ்வவையில், இலக்கியத்தினின்று விலகியதோ என ஐயுறத்தக்க ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டுள்ளேன். ஆயின், கொடி நம் இலக்கியத்திற்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். தெய்வம் உறையும் வாயிலில் ஒரு கொடி. புலவர் வாதுக்கு அழைத்து உயர்த்தியது ஒரு கொடி. துறையில் நின்ற மரக்கலங்களில் ஒரு கொடி. கள் விற்கும் மனையிலும் ஒரு கொடி. 'இங்கே இன்னது உளது' என்று சேய்மையினின்றே அறிவிப்பது கொடி. நாட்டின் கொடியோ, 'இங்கே இன்னார் உளர்' என்றும் அறிவிக்க வேண்டியதாகிறது.

இத்தலைப்பை எனக்குத் தந்தவள் ஒரு மாணவி. ஈழத்திலிருந்து வந்த குடும்பத்தவள். வகுப்பில் மூவேந்தரின் வில், புலி, கயல் கொடிகளை விளக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்தபின் அவள் என்னிடம் வந்து, "எங்கட நாட்டுக் கொடியில் ஒரு கோடு இருக்கிறது, அம்மா. அந்தக் கோடு நாங்கள்தான் என்று அப்பா சொல்லுவார். கோடாக இருந்தால் போதுமா, அம்மா?" என்று கேட்டாள். அன்று எனக்கு விடை தெரியவில்லை. அதைத் தேடிய முயற்சியே இவ்வுரை.

இலங்கைக் கொடியின் வாளேந்திய சிங்கம் கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடியிலிருந்து வந்தது. அம்மன்னனோ தமிழகத்தோடு தொடர்புடைய நாயக்கர் வழியினன். 1815-இல் ஆங்கிலேயர் அவனைச் சிறைப்பிடித்தனர். பின்னர் வேலூர்க் கோட்டைக்குக் கொணர்ந்தனர். 1832-இல் அங்கேயே அவன் மறைந்தான். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவன் நினைவிடம். சிங்கக் கொடிக்குரியவன் துயில்வது நம் மண்ணில் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

1948 சனவரியில் அக்கொடியையே நாட்டுக்கொடியாக ஏற்கலாம் என நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் சின்னலெப்பை. பிப்ரவரி 4 அன்று விடுதலையோடு அது ஏற்றப்பட்டது. தனிச் சிங்கம் எல்லாரையும் குறிக்குமா என்ற வினா எழவே, ஒரு குழு அமைந்தது. அதன் வழி 1951-இல் தமிழர்க்கெனக் காவிப் பட்டையும் முசுலிம்களுக்கெனப் பச்சைப் பட்டையும் சேர்ந்தன. குழு உறுப்பினராகிய செனட்டர் நடேசன் அம்முடிவுக்கு உடன்படவில்லை. கொடியை உற்றுநோக்குவார்க்கு அதன் காரணம் விளங்கும். பட்டைகள் சிங்கம் நிற்கும் கட்டத்தினுள் இல்லை. மஞ்சள் விளிம்பால் பிரிக்கப்பட்டு வெளியே நிற்கின்றன. 1972-இல் நான்கு மூலைகளிலும் அரசிலைகள் வந்தன. பட்டைகளின் இடம் மாறவில்லை.

இனிப் பிற தீவுகளைக் காண்போம். 1959-இல் உருவான சிங்கப்பூர்க் கொடியில் எந்த இனத்திற்கும் தனிக்கோடு இல்லை. ஐந்து விண்மீன்கள் மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் ஆகியவற்றைக் குறிக்கின்றன. அங்கே தமிழுக்குரிய இடம் கொடியில் அன்று, நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாகச் சட்டத்தில் உள்ளது.

1968 மார்ச் 12 அன்று விடுதலை பெற்ற மொரிசியசின் கொடியில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என நான்கு பட்டைகள். நான்கும் சம அளவின. அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் உண்டு. 1998-இல் வெளியான புதிய தாள்களில் தமிழ் தன் வழக்கமான வரிசையிலிருந்து கீழே தள்ளப்பட்டது. அங்குள்ள தமிழர் சினந்தெழுந்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சாயின. கொடி சமம் என்று சொல்லிவிட்டால் போதாது. அதனை நாள்தோறும் காத்துக்கொள்ளவும் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

பிஜித் தீவின் கொடியிலுள்ள கேடயத்தில் கரும்பு இடம்பெற்றுள்ளது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தென்னிந்தியர் வியர்வை சிந்தியது அக்கரும்புத் தோட்டங்களில்தான். உழைப்பின் விளைவு கொடியேறியது. உழைத்தவர் பெயர் ஏறவில்லை. ரீயூனியனோ 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். அங்கே பறப்பது பிரெஞ்சு மூவண்ணம். அதன் நிழலில் வாழும் தமிழ் வழியினர் பலர் மொழியை இழந்தும் தீமிதித் திருவிழாவை இழந்திலர்.

அன்பர்களே! அம்மாணவிக்கு இன்று நான் கூறும் விடை இதுதான்: கோடு மட்டும் போதாது, மகளே. கொடியில் இடம் இருப்பது வேறு; கொடியின் கீழ் அச்சமின்றி நிற்க இடம் இருப்பது வேறு. முன்னது இல்லாமலும் பின்னது அமையக்கூடும் என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. முன்னது இருந்தும் பின்னது அமையாமற் போகலாம் என்பதற்கு உன் குடும்பம் கடல் கடந்து வந்ததே சான்று.

ஒரே நகரில் பல கொடிகள் அருகருகே பறந்ததைப் பாடியது நம் மரபு. அப்பரந்த உள்ளம் தீவுகளெங்கும் தழைக்க வேண்டும்.