உடலும் நம் உடைமையே

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வியால் நாம் பெற்ற பயன்களைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். அப்பயன்கள் இந்த மன்றத்திலேயே நிறைந்து அமர்ந்திருக்கின்றன. மாலை வகுப்பில் பாய் விரித்துப் படித்த பிள்ளைகள் இன்று பொறியாளராகவும், செவிலியராகவும், ஆசிரியராகவும், அலுவலராகவும் வந்து முன்வரிசையில் வீற்றிருக்கின்றனர். கண்ணெதிரே காண்பதைப் பட்டியலிட்டுக் கூற வேண்டுவதில்லை. ஆகவே, பெற்ற பயனைப் பறிகொடாமல் காத்துக்கொள்ளும் வழி ஒன்றைக் குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றோம். உடல்நலம் பேணுதலே அவ்வழியாகும்.

இப்பொருளைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அண்மையில் நம் தெருவில் ஒரு சாவு நேர்ந்தது. மறைந்தவர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர். அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். அகவை நாற்பத்தேழு. ஒரு விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார்; மருத்துவமனையை எட்டுமுன்பே உயிர் பிரிந்தது. பல ஆண்டுகளாகவே அவருக்கு நீரிழிவு இருந்தது என்பதும், மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளைச் சில வாரங்களுக்கு மேல் அவர் உட்கொள்ளவில்லை என்பதும் பின்னரே தெரியவந்தன. யார் கேட்டாலும், "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பதே அவர் விடையாக இருந்ததாம். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக் கடனுக்குத் தவணை பாக்கி நின்றது. இரண்டு தலைமுறை பாடுபட்டு ஏறிய ஏணியிலிருந்து அக்குடும்பம் ஒரே நாளில் கீழே விழுந்ததைக் கண்டோம்.

அவரைக் குறைகூறும் தகுதி எமக்கு இல்லை. நாற்பத்தொன்பதாம் அகவையில் எமக்கும் நீரிழிவு இருப்பதாகக் கூறப்பட்டபோது, ஓராண்டுக் காலம் அதனை வீட்டாரிடமும் சொல்லாமல் மறைத்தோம். தலைமையாசிரியர் நோயாளி என்று ஊர் பேசுமோ என்னும் நாணமே காரணம். ஆகவே, மருத்துவர் நிலையில் நின்றன்று, பிழை செய்து திருந்திய ஒருவர் நிலையில் நின்றே இன்று பேசுகின்றோம்.

படித்த நாமே நோயை ஏன் மறைக்கின்றோம், ஏன் புறக்கணிக்கின்றோம் என்பதைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1891 ஆம் ஆண்டில், இச்செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், நம் முன்னோரின் அவல நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892 இல் நம்மவர்க்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. அதுவே பஞ்சமி நில வரலாறு. நிலமில்லாதிருந்த அம்மக்களுக்கு உடைமை என்று இருந்தது உடல் ஒன்றுதான். அவ்வுடலும் கடனுக்கும் கூலிக்கும் ஈடாகப் பிறர் வயலில் கிடந்தது. நோய் கண்டு படுத்தால் அன்று கூலி இல்லை; கூலி இல்லையேல் அடுப்பில் பூனை உறங்கும். எனவே வலியைப் பொறுத்தல் வீரம் என்றும், ஓய்வு கொள்ளுதல் சோம்பல் என்றும் நம் இல்லங்களில் ஒரு பழக்கம் வேரூன்றிற்று. அன்று அது பிழைப்பதற்குரிய வழியாயிருந்தது. பணியும் ஊதியமும் மருத்துவ விடுப்பும் கிடைத்த பின்னரும் அப்பழக்கத்தை விடாதிருப்பதே இன்று நமக்குக் கேடாகின்றது.

வாழ்க்கை முறையோ முற்றிலும் மாறிவிட்டது. நம் பாட்டனார் பகலெல்லாம் ஏரும் மண்வெட்டியும் பிடித்தார். கேழ்வரகுக் கூழும், கீரையும், வயல் நண்டும், கருவாடும் உண்டார். நாமோ மேசைக்கு முன் அமர்கின்றோம். அடுத்த தெருவுக்கும் வண்டியில் செல்கின்றோம். மூன்று வேளையும் தீட்டிய அரிசியே உண்கின்றோம். மாலையில் சர்க்கரை மிகுந்த தேநீரும் பஜ்ஜியும், இரவில் பரோட்டாவும் இடையிடையே சேர்கின்றன. உழைத்த உடலுக்கு ஏற்ற அளவுச் சோற்றை உழைக்காத உடலும் உண்டால், மிகுந்தது நோயாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவில் நடந்த பெரும் ஆய்வு ஒன்று 2023 இல் வெளியாயிற்று. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என்றும், பெரியவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு என்றும் அது கூறிற்று. இவ்விரு நோய்களும் தொடக்கத்தில் வலி தருவதில்லை. கண், சிறுநீரகம், இதயம், மூளை ஆகியவற்றை ஓசையின்றி அரித்த பின்னரே வெளிப்படுகின்றன. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்னும் சொல் நம்மை ஏமாற்றுவது இதனால்தான்.

இந்நோய்களை அடக்கி ஆள ஏழைக்கும் எளியவர்க்கும் இயலுமா என்று கேட்பீர்கள். இயலும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. ஊரப்பாக்கத்தில் மின்தொடர் வண்டி ஏறிக் கடற்கரை நோக்கிச் செல்வோர், தாம்பரத்தை அடுத்து 'தாம்பரம் சானடோரியம்' என்னும் நிலையத்தை நாள்தோறும் கடக்கின்றனர். அப்பெயர் வந்த காரணத்தை நம் பிள்ளைகளுள் பலர் அறியார். 1928 இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்பார், காசநோயாளர்க்கென அங்கு ஒரு மருத்துவ நிலையத்தை நிறுவினார். 1937 இல் அரசு அதனை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகின்றது. காசநோய்க்கு நேரிய மருந்து இல்லாத அக்காலத்தில் தூய காற்று, நல்லுணவு, நெடிய ஓய்வு ஆகியவையே மருத்துவமாக இருந்தன. மாதக்கணக்கில் படுத்து ஓய்வெடுக்க எந்தக் கூலியாளுக்கு இயலும்? ஏழைக்குக் காசநோய் வந்தால் சாவுதான் என்னும் எண்ணம் அன்று பரவியிருந்ததில் வியப்பில்லை.

பின்னர் மருந்துகள் வந்தன. 1956 இல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பெற்றது. நகரின் ஏழை நோயாளருள் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தும், இரு சாரார்க்கும் ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். சானடோரியத்தில் இருந்தோர்க்கு நல்லுணவும் ஓய்வும் செவிலியர் கவனிப்பும் கிடைத்தன. வீட்டில் இருந்தோரோ நெருக்கடியான குடியிருப்பில், குறைந்த உணவுடன், உழைத்துக்கொண்டே மருந்து உண்டனர். 1959 இல் முடிவு வெளியாயிற்று: இரு சாரார்க்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நோய் தணிந்திருந்தது. உலக நாடுகள் காசநோய் மருத்துவத்தையே மாற்றி அமைத்துக்கொள்ள இந்த ஆய்வு வழிகாட்டிற்று. நம் சென்னையின் ஏழை மக்கள் தம் குடிசைகளில் இருந்தபடி உலகுக்குக் கற்பித்த பாடம் அது. மருந்தை விடாது உட்கொள்ளும் ஒழுங்கு இருந்தால் ஓட்டு வீட்டிலும் உயிர் காக்கலாம் என்பதே அப்பாடம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இஃது அப்படியே பொருந்தும். மேலும் ஒன்று: நீரிழிவு உள்ளவரைக் காசநோய் பற்றும் வாய்ப்பு மற்றவரினும் இரண்டு மூன்று மடங்கு மிகுதி. ஆகவே இரு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்கத் தயங்கலாகாது.

இனி, நாம் நாள்தோறும் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, சோதித்துக் கொள்ளுதல். முப்பது அகவை கடந்தோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தல் வேண்டும். வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது இயல்பு. மறுமுறை பார்த்தும் 126 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது நீரிழிவு. இடைப்பட்ட அளவு எச்சரிக்கை மணி. நடையாலும் உணவாலும் அந்நிலையிலேயே தடுக்க இயலும். இரத்த அழுத்தம் 140க்கு 90 என்னும் அளவை மீண்டும் மீண்டும் தொட்டால் மருத்துவரை அணுகவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இச்சோதனைகட்குப் பணம் வேண்டா. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ்ப் பணியாளர்கள் இல்லம் தேடியும் வருகின்றனர். அவர்களைத் திண்ணையிலிருந்தே திருப்பி அனுப்பாதீர்கள்.

இரண்டாவது, நடத்தல். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் விரைந்து நடந்தால் உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த குறைந்த அளவை எட்டிவிடலாம். வண்டிகள் விரையும் பெருஞ்சாலை வேண்டா. ஏரிக்கரையும் பள்ளி மைதானமும் போதும். நீரிழிவு உடையோர் வெறுங்காலுடன் நடத்தல் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைவதால் முள் தைத்தாலும் தெரியாது. புண் புரையோடிக் காலையே இழக்க நேரும். இரவுதோறும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளுதல் நன்று. ஊர்த் தெருவில் செருப்பணிந்து செல்ல நம் பாட்டன்மார்க்கு உரிமை மறுக்கப்பட்டிருந்தது. அவர்கள் வழிவந்த நாம், உரிமை பெற்றும் சோம்பலால் செருப்பின்றி நடந்து காலை இழத்தல் தகுமா?

மூன்றாவது, உணவு. தட்டில் பாதி காயும் கீரையும் இருக்கட்டும். கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ ஆகட்டும். எஞ்சிய கால் பங்கே சோறு. கேழ்வரகு நன்று; ஆயினும் அதையும் அளவின்றி உண்டால் சர்க்கரை ஏறும். உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டியை மிஞ்சலாகாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பும் அக்கணக்கில் அடங்கும். புகையிலையும் மதுவும் குறித்து நீண்ட விளக்கம் தேவையில்லை. அவை நம் தெருக்களில் எத்தனை தாலிகளை அறுத்தன என்பதைத் தாய்மார்கள் அறிவர்.

நான்காவது, பெண்டிர் நலம். எல்லாரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்பதே நம் வீட்டுப் பெண்களின் வழக்கமாயிருக்கின்றது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர். சமைத்தவர் உடன் அமர்ந்து உண்ணும் வழக்கத்தை இன்றிரவே தொடங்குங்கள். தாயோ மனைவியோ மாலையில் நடக்கப் புறப்பட்டால், "வேலையில்லையா?" என்று கேளாதீர்கள்.

ஐந்தாவது, பிள்ளைகள். இங்கு எம் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுத் தேர்வு நெருங்கியபோதெல்லாம் உடற்பயிற்சிப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக் கொடுத்தோம். தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது, மகிழ்ந்தோம். வளரும் பிள்ளைகள் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பதை எண்ணாமற் போனோம். மூன்றாண்டுகளாக எம் பள்ளியில் அப்பாடவேளையை எவர்க்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தேர்ச்சி விழுக்காடு அதனால் குறைந்துவிடவும் இல்லை.

பெரியோர்களே, அண்ணல் அம்பேத்கர் 1927 இல் மகாடு நகரின் குளத்தில் இறங்கி நீரை அள்ளிப் பருகினார். குடிநீர்க்கே போராட வேண்டியிருந்த சமுதாயம் நம்முடையது. அவ்வண்ணல் தம் இறுதி ஆண்டுகளில் நீரிழிவால் பெரிதும் வாடினார். கண்ணொளி மங்கியும் கால்கள் தளர்ந்தும் எழுத்துப் பணியை நிறுத்தாமல் உழைத்து, 1956 டிசம்பர் 6 ஆம் நாள் தம் அறுபத்தைந்தாம் அகவையில் மறைந்தார். இன்னும் ஒரு பத்தாண்டு அவர் வாழ்ந்திருப்பின் நமக்கு எத்துணை நன்மை விளைந்திருக்கும் என்று எண்ணாதவர் யார்? அவர் நமக்காகத் தம் உடலை வருத்திக்கொண்டார். அவ்வுழைப்பால் வாழ்வு பெற்ற நாம், கவனக்குறைவால் உடலைக் கெடுத்துக்கொள்ளுதல் அவருக்குச் செய்யும் நன்றியாகாது.

இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். ஒவ்வொரு திங்களும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் அனைவரும் கூடி நடப்போம். நடந்து முடித்து இக்கட்டடத்தில் அமர்ந்து, நம் செவிலியப் பெண்களைக் கொண்டே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிப்போம். மாலை வகுப்புக்கு வருகைப் பதிவேடு வைத்திருப்பது போல் அதற்கும் ஒரு பதிவேடு வைப்போம். ஒருவர் வரவில்லையெனின் மற்றவர் அவர் இல்லம் சென்று கேட்போம். முன்னர்க் கூறிய அந்நண்பர் வீட்டுக் கதவை அப்படி யாரேனும் தட்டியிருப்பின், இன்று அவரும் இவ்வவையில் அமர்ந்திருக்கக் கூடும். பதிவேட்டில் முதல் பெயராக எம் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள்.

பிறர்க்கு ஈடாய்க் கிடந்த உடல் இன்று நமக்கே உரிய உடைமை. படிப்பைக் காப்பது போல் அதனையும் காப்போம். அடுத்து வரும் பொன்விழாவில், இன்று இங்கு அமர்ந்திருக்கும் அனைவரும் நலமுடன் மீண்டும் சந்திப்போமாக என்று வாழ்த்தி அமைகின்றோம்.